பேவர் பிளாக் போடுறதுக்கு முன்னாடி

எங்க நகர் பார்க்ல நான் கடைசியா ஊஞ்சல் ஆடினது ஆறாங்கிளாஸ் படிக்கும்போது. யாரும் போகாதேன்னு சொல்லல. ஒரு வயசுக்கு மேல அங்க எனக்குச் செய்ய ஒண்ணும் இல்ல, அவ்வளவுதான். தம்பி மட்டும் பேட்டைத் தூக்கிக்கிட்டு போய்க்கிட்டே இருந்தான். பத்து வருஷம் கழிச்சு ஃபைனல் இயர் ப்ராஜெக்ட்டுக்காக கையில அளவு டேப்போட அதே கேட்டுக்குள்ள நுழைஞ்சேன். ஊஞ்சல் கம்பி அப்படியே இருந்துச்சு. பலகை மட்டும் இல்ல.

எங்க டீம் நாலு பேர், சிவில். தலைப்பு, 'பழைய குடியிருப்புப் பூங்கா ஒன்றின் மறுவடிவமைப்பு'. மத்த டீம் எல்லாம் ஜியோபாலிமர் கான்கிரீட், தேங்காய் சிரட்டை கான்கிரீட்னு லேப்ல கியூப் உடைச்சுக்கிட்டு இருந்தப்போ நாங்க பார்க்குக்குப் போறோம்னு கிளாஸே கிண்டல் பண்ணுச்சு. இது அந்த ப்ராஜெக்ட் ரிப்போர்ட் இல்ல, அதை யாரும் படிக்க மாட்டீங்கன்னு தெரியும். பழைய பார்க் ஒண்ணை மாத்தணும்னா உண்மையில என்னென்ன யோசிக்கணும்ங்கிறதை, நாங்க சொதப்பின இடத்தையும் சேர்த்து எழுதுறேன். உங்க ஏரியாவிலேயும் இப்படி ஒரு பார்க் இருக்கும், நீங்களும் ரொம்ப நாளா உள்ளே போயிருக்க மாட்டீங்க.

முதல்ல இந்த இடமெல்லாம் எங்கிருந்து வருதுன்னு பார்ப்போம். ஒரு லேஅவுட் போடும்போது ஒரு பங்கு நிலத்தைப் பொதுவுக்கு விட்டாகணும். இப்போ நடைமுறையில இருக்கிற 2019-ம் வருட தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகளின்படி, மனை 3,000 சதுர மீட்டரைத் தாண்டினால் சாலைக்குப் போக மீதியில் 10 சதவீதம் திறந்தவெளியாக ஒதுக்கணும். 10,000 சதுர மீட்டர் வரைக்கும் நிலத்துக்குப் பதிலா பணமா கட்டிடலாம். அதுக்கு மேல போனா நிலமாத்தான் கொடுக்கணும். ஓ.எஸ்.ஆர். இடம்னு ரியல் எஸ்டேட்காரங்க பேசுறது இதைத்தான். எங்க பார்க் இந்த விதிக்கெல்லாம் முந்தினது. எண்பதுகள்ல லேஅவுட் போட்டப்போ விட்டது, கிட்டத்தட்ட ஒரு ஏக்கர்.

அப்போ அங்க வீடு கட்டிக் குடிவந்தவங்களுக்கு முப்பது, முப்பத்தஞ்சு வயசு. எல்லா வீட்டிலும் சின்னப் பிள்ளைங்க. அதனால சறுக்கு, ஊஞ்சல், சீசா, நடுவுல ஒரு மைதானம். இன்னைக்கு அதே ஆளுங்களுக்கு எழுபது வயசு, பிள்ளைங்க பாதிப் பேர் வெளியூர், வெளிநாடு. தனி வீடு இருந்த மனையில நாலு மாடி ஃபிளாட், அதுல புதுசா வந்த குடும்பங்கள், பின் தெருவில ஷேர் பண்ணித் தங்கியிருக்கிற பசங்க. ஆட்கள் முழுசா மாறிட்டாங்க, பார்க் மட்டும் 1985-லயே நிக்குது. பார்க் பழசாயிடுச்சுன்னு சொன்னா எல்லாரும் துருப்பிடிச்ச சறுக்கைத்தான் காட்டுறாங்க. சறுக்கு சின்ன விஷயம், வெல்டிங் கடையில ஒரு நாள் வேலை.

முதல் ரிவ்யூவுக்கு நாங்க கொண்டுபோன டிராயிங்கை இப்போ நினைச்சாலும் கூச்சமா இருக்கு. நடுவுல வட்டமா ஒரு ஃபவுண்டன், அதைச் சுத்தி பேவர் பிளாக், ஒரு பக்கம் ஓபன் ஜிம், ஒரு செல்ஃபி பாயின்ட். 3டி ரெண்டர்ல வெள்ளைக்காரக் குடும்பம் ஒண்ணு நாய்க்குட்டியோட நடந்து போகுது (சாஃப்ட்வேர்ல அவங்கதான் இருந்தாங்க). கைடு மேம் ரெண்டு நிமிஷம் பார்த்துட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டாங்க: "இந்த ஃபவுண்டனை யாரும்மா கேட்டா?" நாலு பேருக்கும் பதில் இல்ல. "போய் ஒரு வாரம் சும்மா உட்கார்ந்து பாருங்க, அப்புறம் வரைங்க"ன்னு அனுப்பிட்டாங்க.

சும்மா உட்கார்ந்து பார்க்கிறது ஒரு முறையான ஆய்வு வழிங்கிறது அப்புறம்தான் தெரிஞ்சுது. வில்லியம் ஒயிட்னு ஒருத்தர், அடிப்படையில பத்திரிகையாளர், 1970-களில் நியூயார்க்ல சின்னச் சின்னச் சதுக்கங்களை கேமரா வெச்சு படம்பிடிச்சு, யார் எங்க உட்காருறாங்க, எவ்வளவு நேரம் இருக்காங்க, எங்க போனதும் எழுந்து போயிடுறாங்கன்னு எண்ணியே பார்த்தார். 1980-ல புத்தகமா வந்துச்சு. அவர் சொன்ன முக்கியமான முடிவுகளில் ஒண்ணு, உட்கார வசதி இருக்கிற இடத்துலதான் மக்கள் உட்காருவாங்க. கேட்கும்போது சிரிப்பு வருது. ஆனா நம்ம பார்க்குகளைப் பார்த்தா இது இன்னும் நிறையப் பேருக்குத் தெரியலைன்னு தோணுது.

அவர் யோசனை சொன்ன இடங்கள்ல நியூயார்க்கின் பிரையன்ட் பார்க்கும் ஒண்ணு. எழுபதுகள்ல அது போதைப்பொருள் விக்கிறவங்க கையில இருந்துச்சு. சாதாரண ஜனங்க உள்ளே போகவே பயந்தாங்க. காரணம் போலீஸ் இல்லாதது மட்டும் இல்லைன்னார் ஒயிட். பார்க் தெருவைவிட உயரமா இருக்கு, சுத்தி இரும்பு வேலி, உயரமான செடி, வாசல் குறைவு. வெளியே இருந்து பார்த்தா உள்ளே என்ன நடக்குதுன்னு தெரியாது, உள்ளே மாட்டினா சட்டுன்னு வெளியே வரவும் முடியாது. தப்பு பண்றவனுக்கு இதைவிட வசதி வேணுமா? 1988-ல மூடி, செடிகளை எடுத்து, வாசல்களைக் கூட்டி, 1992-ல மறுபடி திறந்தாங்க. இஷ்டத்துக்கு இழுத்துப் போட்டுக்கிற தனி நாற்காலிகளையும் வெச்சாங்க. இன்னைக்கு அந்த ஊர்ல ரொம்ப நெரிசலான பார்க்குகள்ல அதுவும் ஒண்ணு. தனி நாற்காலி ஐடியாவை எங்க வாட்ச்மேன் அண்ணாகிட்ட சொன்னப்போ அவர் சொன்னது: "மறுநாள் அம்புட்டும் டீக்கடையில கிடக்கும் பாப்பா."

ஒரு வாரம் உட்கார்ந்தோம். ஒரு தாள்ல பார்க்கோட படம், அரை மணிக்கு ஒருமுறை யார் எங்க இருக்காங்கன்னு புள்ளி. ஆண், பெண், குழந்தை, பெரியவர்னு நாலு கலர். சிவில் படிக்கிறவங்களுக்கு இது லெவலிங் சர்வே மாதிரிதான், ஸ்டாஃபுக்குப் பதிலா மனுஷங்க. மூணாவது நாளே படம் கதை சொல்ல ஆரம்பிச்சுது. காலையில நடக்க வர்றவங்க. அவங்க புள்ளி ஓரமா ஒரு வட்டம். சாயங்காலம் நடு மைதானம் முழுக்க ஒரே கலர், கிரிக்கெட் ஆடுற பசங்க. குழந்தைகளோட வந்த அம்மாக்கள் கேட் பக்கத்துல மட்டும். தாத்தாக்கள் எல்லாம் ஒரே ஒரு புங்கை மரத்தடியில, ஏன்னா அந்த பெஞ்ச்சுக்கு மட்டும்தான் சாய மாதிரி சுவர் இருக்கு. பன்னிரண்டு வயசுக்கு மேல இருபது வயசுக்குள்ள பெண் பிள்ளைங்க? அந்தக் கலருக்கு வாங்கின பேனா கிட்டத்தட்ட புதுசாவே இருந்துச்சு.

இது எங்க ஊர் விஷயம் மட்டும் இல்லைங்கிறது படிக்கப் படிக்கத் தெரிஞ்சுது. ஆஸ்திரியாவின் வியன்னா நகரத்துல தொண்ணூறுகளில் இதே மாதிரி கவனிச்சிருக்காங்க. ஒன்பது, பத்து வயசு வரைக்கும் பார்க்குக்கு வர்ற பெண் பிள்ளைகள் அதுக்கப்புறம் குறைஞ்சுடுறாங்க, ஆண் பிள்ளைகள் எண்ணிக்கை அப்படி விழலை. அந்த மாநகராட்சியில பெண்களுக்கான தனி அலுவலகம் 1992-லயே வந்துடுச்சு. அதை முன்னெடுத்தவர் ஈவா கைல்னு ஒரு நகரத் திட்டமிடுநர். காரணத்தைத் தேடினப்போ கிடைச்சது ரொம்பச் சாதாரணம். பார்க்னா நடுவுல ஒரு பெரிய வெட்டவெளி. இடத்துக்காகப் போட்டி வந்தா பெண் பிள்ளைங்க சண்டை போடாம விலகிப் போயிடுறாங்க.

1999-ல அந்நகரின் ஐந்தாவது மாவட்டத்துல ரெண்டு பார்க்கை மாத்திப் பார்த்தாங்க. தடையோ, 'பெண்களுக்கு மட்டும்' போர்டோ இல்ல. பெரிய வெட்டவெளியை செடி, மேடு, நடைபாதை வெச்சு பாதி மறைவான சின்னச் சின்ன இடங்களாப் பிரிச்சாங்க. வாலிபால், பேட்மின்டன் ஆட இடம் விட்டாங்க. நடைபாதைகளைக் கூட்டினாங்க. சீக்கிரமே பெண் பிள்ளைங்க திரும்பி வந்தாங்க, பசங்களும் போகலை. ஒரு குழு இன்னொரு குழுவைத் துரத்தாம எல்லாரும் இருந்தாங்க. இதைப் படிச்ச ராத்திரி எனக்குத் தூக்கம் வரலை. பத்து வருஷமா எனக்குத்தான் பார்க் பிடிக்கலைன்னு நினைச்சுக்கிட்டு இருந்தேன்.

அடுத்து, கேட்கிற வேலை. இங்கேயும் ஒரு பாடம். "உங்களுக்கு என்ன வேணும்?"னு கேட்டா பத்துல எட்டுப் பேர் ஓபன் ஜிம்னு சொன்னாங்க. பக்கத்து வார்டுல இருக்கே! பார்த்ததைத்தான் கேட்பாங்க, அது அவங்க தப்பு இல்ல. கேள்வியை மாத்தினோம்: "கடைசியா எப்போ வந்தீங்க? ஏன் எழுந்து போனீங்க?" அப்புறம்தான் உண்மை வந்துச்சு. ஒரு பாட்டி, "உட்கார்ந்தா எந்திரிக்க முடியலடி, பிடிச்சு எந்திரிக்க ஒண்ணும் இல்ல"ன்னாங்க. ஒரு அக்கா, பாத்ரூம் பூட்டியே இருக்கு, பிள்ளையை வெச்சுக்கிட்டு அரை மணிக்கு மேல இருக்க முடியாதுன்னாங்க. ஒன்பதாவது படிக்கிற பொண்ணுகிட்ட கேட்டா அவங்க அம்மாதான் பதில் சொன்னாங்க. அம்மா நகர்ந்ததும் அவ சொன்னது: "உட்கார்ந்தா எல்லாரும் பார்க்கிற மாதிரியே இருக்குக்கா."

பாட்டி சொன்னது வெறும் பத்தாயிரம் ரூபா விஷயம்கூட இல்ல. பெஞ்ச் உயரம் சுமார் 45 செ.மீ., பின்னாடி சாய்மானம், ரெண்டு பக்கமும் கைப்பிடி. கைப்பிடியை ஊன்றித்தான் முட்டி வலி உள்ளவங்க எழுந்திருப்பாங்க. நம்ம ஊர் சிமென்ட் பெஞ்ச்ல கைப்பிடி இருக்காது, சாய்மானம் இருந்தா அது உபயம் பேர் எழுத மட்டும்தான். இன்னொண்ணு கேட். டூவீலரும் மாடும் வரக்கூடாதுன்னு வளைஞ்சு வளைஞ்சு போற கம்பி வெச்சிருக்காங்க. அதுல வீல்சேரும் போகாது, குழந்தை வண்டியும் போகாது. கம்பத்துக்குக் கம்பம் 90 செ.மீ. இடைவெளி விட்டா வீல்சேர் நுழையும். படி இருக்கிற இடத்துல சரிவு 1-க்கு 12. அதாவது 15 செ.மீ. உயரத்துக்கு 1.8 மீட்டர் நீளம். நடைபாதை அகலம் 1.8 மீட்டர் இருந்தா ரெண்டு வீல்சேர் எதிரெதிரே போகலாம். எல்லாம் நாம நாலாவது செமஸ்டர்ல படிச்சதுதான், ஆனா பார்க்குன்னு வந்தா யாருக்கும் ஞாபகம் வர்றதில்ல.

பாதையை எங்க போடுறது? அதை ஏற்கெனவே ஜனங்க வரைஞ்சு வெச்சிருக்காங்க. புல்லு செத்துப்போய், ஒரு மூலையிலிருந்து பஸ் ஸ்டாப் பக்கம் குறுக்கா ஒரு ஒத்தையடிப் பாதை. அதைத் தடுக்க முள்வேலி போட்டிருக்காங்க, வேலியையும் மிதிச்சாச்சு. வேலியை எடுத்துட்டு அதையே பாதையாக்கினா போதும். இன்னொரு லாபமும் இருக்கு. குறுக்கே ஆள் நடமாட்டம் இருந்தா பார்க்கோட நடுப்பகுதி தனியா, அநாதையா இருக்காது.

இப்போ பேவர் பிளாக்குக்கு வர்றேன். டெண்டர்னாலே பேவர் பிளாக், அதுவும் பார்க் முழுக்க. ஒரு ஏக்கர்னா 4,047 சதுர மீட்டர். 5 செ.மீ. மழை பெஞ்சா (நவம்பர்ல இது சாதாரணம்) அந்த நிலத்துல மட்டும் விழுற தண்ணி சுமார் 2 லட்சம் லிட்டர். 12,000 லிட்டர் டேங்கர் லாரின்னா பதினேழு லாரி. ஹைட்ராலஜில படிச்ச ஓடுநீர் கெழுவை இங்க போட்டுப் பாருங்க. கான்கிரீட் தளத்துக்கு 0.9 வரைக்கும் வரும், புல் தரைக்கு சுமார் 0.2. முழுக்க கான்கிரீட் படுக்கை மேல பிளாக் பதிச்சா 1.8 லட்சம் லிட்டர் தெருவுக்கு ஓடும். புல்லா இருந்தா 40 ஆயிரம்தான். மீதி கீழே இறங்கும். களிமண்ணா இருந்தாலோ, ஏற்கெனவே ஊறின மண்ணா இருந்தாலோ இந்தக் கணக்கு மோசமாகும். அதனால ஒரு குழி தோண்டி தண்ணி ஊத்தி, எவ்வளவு நேரத்துல எத்தனை செ.மீ. இறங்குதுன்னு பார்க்கணும். எங்க பார்க்ல மேல ஒரு அடி கட்டட இடிபாடு, அதுக்குக் கீழே நல்ல மணல். இடிபாட்டை எடுத்து ஒரு ஓரத்துல முக்கால் அடி பள்ளமா விட்டாலே மழை நாள்ல அது குட்டிக் குளம், மத்த நாள்ல குழந்தைங்க ஓடுற இடம். சென்னை மாநகராட்சி இதே யோசனையில நிறைய பார்க்குகள்ல ஸ்பாஞ்ச் பார்க்னு குளம் வெட்டியிருக்கு. நடைபாதைக்கு மட்டும் பிளாக் வேணும், அதுவும் கான்கிரீட் மேல இல்லாம மணல் படுக்கையில.

மரத்தையும் இதோட சேர்த்துச் சொல்லணும். தண்டை ஒட்டி கான்கிரீட் போட்டா வேர் மூச்சு விட முடியாது, தண்ணியும் இறங்காது. 2013-ல தேசிய பசுமைத் தீர்ப்பாயம் டெல்லியில மரத்தைச் சுத்தி ஒரு மீட்டருக்குள்ள இருக்கிற கான்கிரீட்டை எடுக்கச் சொல்லி உத்தரவு போட்டுச்சு. வேர் பிளாக்கைத் தூக்கினா நம்ம ஆளுங்க வேரை வெட்டுறாங்க. ஒரு பக்கம் வேர் போன மரம் அடுத்த புயலுக்கு அந்தப் பக்கத்துப் பிடிமானம் இல்லாம சாயும். 2016 டிசம்பர்ல வர்தா வந்தப்போ சென்னையில ஆயிரக்கணக்கான மரம் விழுந்தது. பாதையை ஒரு மீட்டர் வளைச்சுப் போடுறது டிராயிங்ல ரெண்டு கிளிக்.

லைட் பத்தி நாங்க எதிர்பார்க்காத ஒண்ணு. பார்க்ல நடுவுல பெரிய ஹைமாஸ்ட் இருக்கு, ஆனாலும் கீழே இருட்டு. ஏன்னா விளக்கு மரத்துக்கு மேல. வெளிச்சம் முழுக்க இலை மேல விழுது, காக்காய்க்குத்தான் பிரயோஜனம். கிளைக்குக் கீழே, மூணரை நாலு மீட்டர் உயரத்துல சின்ன விளக்குகள் வரிசையா வேணும். பிரகாசத்தைவிட சமமா பரவுறது முக்கியம். ஒரு இடத்துல கண்ணைக் கூசுற வெளிச்சம் இருந்தா அதுக்குப் பக்கத்து இருட்டு இன்னும் இருட்டாத் தெரியும். எதிர்ல வர்றவங்க முகம் தெரியணும், அதுதான் அளவு. ஏழு மணிக்கு அம்மாக்கள் ஏன் கிளம்பினாங்கன்னு அப்போதான் புரிஞ்சுது, சீரியல் இல்ல காரணம்.

ஒரு மூட்டை சிமென்ட்கூட இல்லாம பார்க்கை மாத்தலாம், அதுதான் வாசல் போர்டு. எங்க பார்க் காலை பத்து மணிக்குப் பூட்டினா சாயங்காலம் நாலுக்குத்தான் திறக்கும். நல்ல வெயில்ல, நிழல் எல்லாருக்கும் தேவைப்படுற நேரத்துல, நிழல் உள்ளே பூட்டிக் கிடக்கும். வெளியே காம்பவுண்ட் சுவரை ஒட்டி டெலிவரி அண்ணாக்கள் வண்டி மேலேயே படுத்திருப்பாங்க, இஸ்திரி அக்கா தார்ப்பாய் கட்டி நின்னுக்கிட்டு இருப்பாங்க. ஏன் பூட்டுறீங்கன்னு கேட்டா, "லவ்வர்ஸ் வந்துடுவாங்க"ன்னு பதில். பெங்களூருல 2024-ல மாநகராட்சிப் பூங்காக்களைக் காலை 5 மணியிலிருந்து இரவு 10 மணி வரைக்கும் திறந்து வைக்க முடிவெடுத்தாங்க. நாலு பேர் வேர்வையோட நிழல்ல உட்கார்றதைத் தடுக்கிறதுக்கு ஒரு பூட்டு, ஒரு சாவி, ஒரு சம்பளம். இதுல எனக்குக் கோபம் உண்டு, ரிப்போர்ட்ல நாகரிகமா எழுதினேன்.

காசு? நகர்ப்புற நமக்கு நாமே திட்டத்துல பொதுமக்கள் ஒரு பங்கு போட்டா மீதியை அரசு போடும். கவனிக்க வேண்டியது கட்டுற செலவு இல்ல, அடுத்த பத்து வருஷத்துச் செலவு. எங்க அருமை ஃபவுண்டனுக்கு மோட்டார், கரன்ட், பாசி எடுக்க ஆள். மூணாவது வருஷம் கொசு வளர்க்கிற தொட்டியாகும். அதை அடிச்சிட்டு அந்தத் தொகையை பெஞ்ச், விளக்கு, பாத்ரூம் சுத்தம் பண்ற ஆளுக்கு மாத்தினோம். கேட்கிறதுக்கு இடம்? 2022-லிருந்து வார்டுக்குள்ள ஏரியா சபைக் கூட்டங்கள் நடக்குது. யாரும் போறதில்லைங்கிறதால, நாலு பேர் டிராயிங்கோட போனா மதிப்பு ஜாஸ்தி.

நாங்க போனோம். மேடையில இருந்தவங்க ரெண்டர் எங்கேன்னு கேட்டாங்க (வெள்ளைக்காரக் குடும்பத்தை நீக்கிட்டோமே!). புள்ளி வெச்ச தாளை விரிச்சுக் காட்டினதும்தான் கொஞ்சம் அமைதியாக் கேட்டாங்க. "பொண்ணுங்க வர்றதில்லைன்னா அவங்களுக்கு விருப்பம் இல்லைன்னு அர்த்தம்"னு ஒருத்தர் சொன்னார். எங்க கூட வந்த பாட்டி, "எனக்கு விருப்பம் இருக்கு, முட்டிதான் இல்ல"ன்னதும் எல்லாரும் சிரிச்சுட்டாங்க, பேச்சு மாறிடுச்சு. மனுவை வாங்கிக்கிட்டாங்க. இதுவரைக்கும் நடந்தது ரெண்டு. கைப்பிடி வெச்ச மூணு பெஞ்ச் வந்திருக்கு. பாத்ரூம் சாவி இப்போ இஸ்திரி அக்காகிட்ட இருக்கு, கேட்டா கொடுக்கிறாங்க. ஹைமாஸ்ட் அப்படியே, போர்டும் அப்படியே.

எங்களால தீர்க்க முடியாதது கிரிக்கெட். வியன்னா மாதிரி நடு மைதானத்தைப் பிரிச்சா பசங்களுக்கு பிட்ச் போயிடும். அந்த ஏரியாவில அவங்களுக்கு வேற கிரவுண்டே இல்ல, தெருவுல ஆடினா கார்க் கண்ணாடி. ஒரு ஓரமா வலை கட்டி பயிற்சிக்கு இடம், ஞாயிறு காலை மட்டும் முழு மைதானம்னு ஒரு ஏற்பாட்டை வரைஞ்சிருக்கோம். வைவாவுல எக்ஸ்டர்னல் இதையேதான் கேட்டார், இந்தப் பதிலைத்தான் சொன்னேன், அவர் முகத்தைப் பார்த்தா திருப்தியாத் தெரியலை. தம்பிக்கும் திருப்தி இல்ல. டிராயிங்கைப் பார்த்துட்டு, "மிட்-ஆன் எங்கடி நிப்பான்?"னு கேட்டான். அந்த இடத்துல இப்போ ஒரு மேடும் ரெண்டு வேப்பமரமும் வரைஞ்சிருக்கேன்.